டிரம்மில் வைத்த ஆர்ஓ நீரின் டிடிஎஸ் ஏறுகிறது, இறால்களும் இறந்துவிட்டன: உதவி தேவை

உப்புக்காற்று:
அனைவருக்கும் வணக்கம். அவசரம் என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். கடல்நீர் மீன் தொட்டிக்காக ஆர்ஓ-டிஐ நீர் (ஆர்ஓவில் வடிகட்டியபின் மிச்ச உப்பையும் ரெசின் மணிகளால் நீக்கிய நீர்) தயாரித்து டிரம்மில் சேமித்து வைக்கிறேன். கருவியிலிருந்து வரும்போது டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) மீட்டர் 0 காட்டுகிறது. சில நாள் கழித்து அதே நீரை டிரம்மில் அளந்தால் 9 காட்டுகிறது. தொட்டியில் கண்ணாடி, மணல், பாறை என எங்கும் பழுப்புப் படலம் படர்ந்திருக்கிறது. நேற்று இரண்டு கிளீனர் இறால்களும் இறந்துவிட்டன; மீன்களுக்கு ஒன்றுமில்லை. மீட்டர் பழுதா, ரெசின் தீர்ந்துவிட்டதா? ஞாயிற்றுக்கிழமை நீர் மாற்ற வேண்டும், விரைவாகச் சொல்லுங்கள்.

பவளத்திட்டு:
வணக்கம் நண்பரே. நீங்கள் எந்த ஊர், கருவிக்குள் போகும் நீர் எது, அதன் டிடிஎஸ் எவ்வளவு, டிரம் எத்தனை லிட்டர், எந்தப் பிளாஸ்டிக், தொட்டி தொடங்கி எவ்வளவு காலமாகிறது, இறால்களைத் தொட்டியில் விடுவதற்கு முன் எப்படிப் பழக்கினீர்கள் என்பதெல்லாம் தெரியாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. முடிந்தால் டிரம்மைப் படம் எடுத்துப் போடுங்கள்.

மெல்லலை:
இது காற்றிலிருக்கும் கரியமில வாயுவின் வேலை என்பதே என் கருத்து. தூய நீர் அந்த வாயுவை ஈர்த்துக் கார்பானிக் அமிலமாக்கிக்கொள்வதால் மின்கடத்தும் திறன் உயர்கிறது, மீட்டரும் அதையே காட்டுகிறது. டிரம்மைக் காற்றுப் புகாமல் மூடினால் சரியாகிவிடும்.

பழைய தொட்டிக்காரர்:
கரியமில வாயுவைக் குற்றம் சொல்வது மெல்லலை அவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. காற்றோடு சமநிலை அடைந்த தூய நீரின் மின்கடத்துதிறன் ஏறக்குறைய 1 மைக்ரோசீமென்ஸ்தான், பிஹெச் 5.6 வரை இறங்கினாலும் டிடிஎஸ் மீட்டரில் அது 0 அல்லது 1 என்றே தெரியும், 9 ஆகாது. தம்பி, டிடிஎஸ் மீட்டர் என்பது மின்கடத்துதிறனை அளந்து ஒரு காரணியால் பெருக்கிக் காட்டும் கருவி மட்டுமே என்பதை இங்கே எத்தனையோ முறை எழுதிவிட்டேன். பழைய இழைகளை ஒரு முறையாவது படித்துவிட்டுக் கேள்வி கேட்கும் பழக்கம் இப்போது யாருக்கும் இல்லை.

சின்னத்திமிங்கலம்:
பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கேனில் கிடைக்கிறதே, அதை வாங்கி ஊற்றினால் இந்தத் தொல்லையே இல்லையே?

பவளத்திட்டு:
நாள்தோறும் ஆவியாகும் நீரை ஈடுசெய்யவே லிட்டர் கணக்கில் தேவைப்படும்போது அது கட்டுப்படியாகாது. எந்தக் கேனில் அடைத்தார்கள் என்பதும் நமக்குத் தெரியாது.

உப்புக்காற்று:
வேளச்சேரியில் இருக்கிறேன். அடுக்குமாடித் தொட்டிக்கு மெட்ரோ நீரும் வரும், லாரி நீரும் வரும், போதாதபோது போர்வெல் நீரையும் கலப்பார்கள். அதனால் டிடிஎஸ் நாளுக்கு நாள் மாறும். சமையலறை ஆர்ஓ கருவியின் கடைசியில் ஒரு ரெசின் உருளையை இணைத்திருக்கிறேன். ரெசினுக்கு முன் 70, பின் 0. டிரம் 200 லிட்டர், நீல நிறம். தொட்டிக்கு மூன்று மாதம் ஆகிறது. படம் இணைத்திருக்கிறேன்.

வெண்மணல்:
நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். இங்கே குழாய் நீரில் குளோராமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) இருப்பதால் முதலில் அதைத்தான் சந்தேகிப்போம். கார்பன் வடிகட்டி பழையதானால் குளோரின் ஆர்ஓ கருவியின் மெம்பிரேனையே (உப்பைத் தடுக்கும் சவ்வையே) அரித்துவிடும். மொத்தக் குளோரின் சோதனை செய்து பாருங்கள். டிடிஎஸ் மீட்டர் இதையெல்லாம் காட்டாது.

பழைய தொட்டிக்காரர்:
சென்னையில் சேர்ப்பது குளோரின், குளோராமின் அல்ல.

முத்துச்சிப்பி:
நான் தூத்துக்குடி. இத்தனை பாடு எதற்கு என்றே எனக்குப் புரியவில்லை. கடற்கரை உங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கோவளம் பக்கம் போய் கேனில் கடல்நீர் எடுத்து வந்து, இருட்டில் வைத்திருந்து வடிகட்டி ஊற்றினால் உப்புப் பொடிச் செலவும் மிச்சம்.

பழைய தொட்டிக்காரர்:
மன்னார் வளைகுடாவையும் வங்கக் கடலின் சென்னைக் கரையையும் ஒன்றாக எண்ணிப் பேசக்கூடாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்று நீர் சேர்ந்து இங்கே கரையோர உப்பளவு நன்றாகக் குறைந்துவிடும். அடையாறும் கூவமும் கடலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது வெறும் நீர் மட்டுமா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

முத்துச்சிப்பி:
கோவளம் வேறு, கூவம் வேறு. மழைக்காலத்தில் அளந்து பார்த்து உப்புச் சேர்த்துக்கொள்வது பெரிய வித்தை அல்ல. கடல்நீரில் வளர்ந்த உயிருக்குக் கடல்நீரை ஊற்றுவதில் என்ன குற்றம் காண்கிறீர்கள்?

பவளத்திட்டு:
இருவரும் பொறுத்தருள்க. கடல்நீரே பயன்படுத்தினாலும் ஆவியாகிப் போவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே ஈடுசெய்ய ஊற்றுவது தூய நன்னீராகத்தான் இருக்க வேண்டும், சேமிப்பு டிரம்மும் வேண்டும். உப்புக்காற்று அவர்களே, உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டிரம்முக்குள் ஒரு சிறிய பம்பு கிடக்கிறது, அதன் கம்பியில் வெண்மையாக உப்புப் படிந்திருக்கிறது. அது உப்புக் கரைக்கும் வாளியில் ஓடும் பம்புதானா?

உப்புக்காற்று:
ஆம், இரண்டுக்கும் ஒரே பம்புதான்.

பவளத்திட்டு:
அப்படியானால் 9-க்குக் கணக்குச் சரியாக வருகிறது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும். பம்பின் உள்ளறையிலும் குழாயிலும் 50 மில்லி தங்கியிருந்தால் அது 1.75 கிராம் உப்பு. 200 லிட்டரில் கரைந்தால் 8.75 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 8.75 மில்லிகிராம். இந்த உப்பு எப்படியும் தொட்டிக்குள் போகப் போவதே, இதனால் இறால் சாகாது. உங்களைப் பயமுறுத்திய 9 தீங்கற்றது. நிம்மதி தந்த அந்த 0-ஐத்தான் நான் நம்பவில்லை. காரணம், டிரம்மின் அடியில் பொருத்தியிருக்கும் குழாய் பித்தளை. அதன் திருகுப் பகுதியைச் சுற்றி மயில்துத்த நிறத்தில் ஒரு வளையம் தெரிகிறது. கனிமம் நீக்கிய நீர் உலோகத்தை அரிக்கும். பித்தளையில் பெரும்பங்கு செம்பு. மீன் தாங்கும் அளவுச் செம்பை இறாலும் பவளமும் தாங்காது; அந்த அளவு ஒரு பிபிஎம்மில் சிறு பின்னம் என்பதால் மீட்டர் எண் அசையவே அசையாது. செம்புக்கென்று தனிச் சோதனைப் பெட்டி வாங்கிப் பாருங்கள். இறால்களைப் பழக்கிய முறையை நீங்கள் இன்னும் சொல்லவில்லை. உப்பளவு திடீரென மாறினாலும் இறால் இறக்கும், ஆகவே செம்புதான் என்று இப்போதே அடித்துச் சொல்ல மாட்டேன்.

மெல்லலை:
பழுப்புப் படலத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

பழைய தொட்டிக்காரர்:
அது டயாட்டம் பாசி. தொடக்க மாதங்களில் எல்லாத் தொட்டியிலும் வருவதுதான். ஆனால் இங்கே அதை வளர்த்துவிடுவது சிலிக்கா என்றே நினைக்கிறேன். சமையலறைக் கருவியில் டிடிஎஸ் கண்ட்ரோலர் இருக்கும். குடிநீருக்குச் சுவை வேண்டும் என்பதற்காக மெம்பிரேனைக் கடக்காத நீரில் ஒரு பங்கை அது திரும்பக் கலந்துவிடும். ரெசினுக்கு முன் 70 வருவது அதனால்தான். நல்ல மெம்பிரேன் மட்டும் என்றால் அதில் ஒரு சிறு பகுதிதான் வரும், ரெசினும் பல மடங்கு காலம் உழைக்கும். அப்படிக் கலக்கும் போர்வெல் நீரில் சிலிக்கா இருக்கும். ரெசின் களைத்துப் போகும்போது முதலில் நழுவவிடுவதும் சிலிக்காவையே. அது நடுநிலை நீரில் அயனியாகப் பிரியாததால் மீட்டர் அப்போதும் 0 என்றே காட்டிக்கொண்டிருக்கும். ரெசினை மாற்று தம்பி, சிலிக்கேட் சோதனையும் செய். கருவியை இயக்கியதும் வரும் முதல் சில லிட்டரைப் பிடிக்காதே. நின்றிருந்த நேரத்தில் மெம்பிரேனைத் தாண்டி ஊடுருவிய உப்பு அதில்தான் வரும்.

சின்னத்திமிங்கலம்:
நீல டிரம் பாதுகாப்பானதுதானா ஐயா? நானும் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன்.

பவளத்திட்டு:
அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண்ணும் உணவுத் தரக் குறியும் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய டிரம் என்றால் முன்பு அதில் என்ன வைத்திருந்தார்கள் என்று தெரியாமல் வாங்க வேண்டாம். ரசாயன வாடை ஒரு முறை ஏறினால் எத்தனை கழுவினாலும் போகாது. வெயில் படாத இடத்தில், தூசி விழாதபடி மூடி வைத்தால் போதும், நன்னீருக்குப் பம்பு ஓடிக்கொண்டே இருக்கத் தேவையில்லை. மூடியைக் கருவியின் பக்கமாக மட்டும் ஒரு விரல் அளவு திறந்து வைத்து, அதன் வழியே குழாயை விடுகிறேன் நான்.

உப்புக்காற்று:
அனைவருக்கும் நன்றி. டிரம்மைக் காலி செய்து, பித்தளைக் குழாயை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் போட்டேன். பம்பு தனியாக வாங்கினேன். இப்போது டிரம்மிலும் 0. செம்புப் பெட்டி இன்னும் வரவில்லை. படலம் அப்படியே இருக்கிறது. கண்ட்ரோலரை மூடினால் குடிநீரின் சுவை போய்விடும் என்று வீட்டில் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

பழைய தொட்டிக்காரர்:
அம்மாவிடம் வாதம் வேண்டாம். மெம்பிரேனிலிருந்து வரும் குழாய் கண்ட்ரோலரைச் சேர்வதற்கு முன்பே ஒரு டி இணைப்பும் வால்வும் வைத்து, அங்கிருந்து ரெசினுக்குத் தனி வழி கொடு. குடிநீர் பழையபடியே வரும். சோதனை முடியும் வரை புதிய இறால் வாங்காதே.