விட்ஜெட்டுக்குத் தமிழ்ச்சொல்: ‘சிமிழ்’ என்னும் முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

விட்ஜெட் என்பதற்கு இந்த இழையில் இதுவரை குறுஞ்செயலி, சிறுநிரல், திரைத்துணுக்கு, மிதவை என்னும் நான்கு சொற்கள் வந்துள்ளன. நான்கில் எது நல்லது என்று வாதிடுவதற்கு முன், எந்தப் பொருளுக்குப் பெயர் தேடுகிறோம் என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும் என நினைக்கிறேன். ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல் இரண்டு வேறு பொருள்களைச் சுமந்து நிற்கிறது; நாமும் ஒரே சொல்லை வைத்தால் அந்தக் குழப்பத்தையும் சேர்த்தே வாங்கிக்கொள்வோம்.

முதற்பொருள் பழையது. யூனிக்ஸ் கணினிகளில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் சாளர அமைப்பு உருவான 1980களில், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் அத்தீனா திட்டத்தில் பொத்தான், உருள்பட்டை, உரைப்பெட்டி போன்ற இடைமுகக் கூறுகளை விட்ஜெட் என்று அழைத்தார்கள். இடைமுகம் அமைக்க உதவும் ஜிடிகே, க்யூடி ஆகிய நிரலகங்களில் இன்றும் அதே வழக்குதான். இதற்கு ‘இடைமுக உறுப்பு’ என்பது போதும். நிரல் எழுதுபவர்கள் தவிர வேறு யாரும் இதைப் பேசப்போவதில்லை.

இரண்டாம் பொருள்தான் நம் சிக்கல். கணினித் திரையின் முகப்பில் கடிகாரமாகவோ நாட்காட்டியாகவோ வானிலை அட்டையாகவோ எப்போதும் கண்ணில் படும்படி அமர்ந்திருக்கும் சிறு பொருளை, 2003இல் வந்த கான்ஃபாபுலேட்டர் என்னும் மென்பொருளும் 2005இல் ஆப்பிளின் மேக் ஓஎஸ் டைகர் இயங்குதளத்துடன் வந்த டாஷ்போர்டு என்னும் வசதியும் விட்ஜெட் என்றன. ஏறத்தாழ அதே பொருளை 2007இல் விண்டோஸ் விஸ்டா கேட்ஜெட் என்றது. வேடிக்கை என்னவென்றால், எக்ஸ் உலகின் மோட்டிஃப் நிரலகத்தில் தனக்கென்று சாளரம் உள்ள உறுப்பு விட்ஜெட், சாளரம் இல்லாதது கேட்ஜெட் என்று இவ்விரு சொற்களுக்கும் வேறொரு வேறுபாடு முன்பே இருந்தது. ஆங்கிலத்திலேயே பெயர்கள் இப்படி வந்து ஒட்டிக்கொண்டவை என்பதால், அச்சொல்லின் வேரைத் துருவிப் பயனில்லை. பொருளைப் பார்த்துத்தான் பெயரிட வேண்டும்.

அந்தப் பொருள் எப்படிச் செய்யப்படுகிறது? டாஷ்போர்டு விட்ஜெட் என்பது ஒரு கோப்புறையாகத்தான் இருந்தது (டாஷ்போர்டை ஆப்பிள் 2019இல் நீக்கிவிட்டது). அதற்குள் ஒரு எச்டிஎம்எல் வலைப்பக்கம், அதன் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ், அதை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல், பின்னணிப் படம், பெயரையும் அளவையும் அறிவிக்கும் ஒரு பண்புப் பட்டியல் ஆகியவற்றை இட்டு, கோப்புறைப் பெயரின் ஈற்றில் உரிய பின்னொட்டைச் சேர்த்தால் வேலை முடிந்தது. விஸ்டாவின் கேட்ஜெட்டும் ஓப்பரா உலாவியின் விட்ஜெட்டும் இதே சரக்கை ஜிப் (zip) முறையில் ஒரே கோப்பாகப் பொதிந்து, கூடவே ஒரு எக்ஸ்எம்எல் அறிவிப்புக் கோப்பையும் வைத்தன. 2011இல் வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்ட பரிந்துரையும் இந்தப் பொதிமுறையையே தரப்படுத்தியது. (இன்று இணையப் பக்கங்களில் படம் வரையப் பயன்படும் கேன்வாஸ் உறுப்பும் 2004இல் ஆப்பிள் டாஷ்போர்டுக்கென்று சேர்த்ததுதான். விட்ஜெட் வலையிடமிருந்து வாங்கியதோடு நிற்கவில்லை, கொடுக்கவும் செய்தது.)

இப்போது பலரும் வலைப்பக்க நுட்பத்தைக் கொண்டே கணினி மென்பொருள் செய்ய உதவும் எலக்ட்ரானையோ டவ்ரியையோ நாடுகிறார்கள். எலக்ட்ரானில் ஒரு சாளரத்தைத் திறக்கும்போதே அதற்குச் சட்டகம் வேண்டாம், பின்னணி ஒளிபுகக்கூடியதாக இருக்கட்டும், பணிப்பட்டையில் காட்ட வேண்டாம் என்று மூன்று அமைப்புகளைச் சொல்லிவிட்டால், வழக்கமான வலைப்பக்கமே முகப்பில் தனியாக நிற்கும் பொருளாகிவிடுகிறது. சட்டகத்தை நீக்கியதும் தலைப்புப் பட்டையும் போய்விடுவதால் அதைப் பிடித்து நகர்த்த வழியில்லை. பக்கத்தின் எந்தப் பகுதியைப் பிடித்து இழுக்கலாம் என்பதைச் சிஎஸ்எஸ்ஸில் நாமே குறிக்க வேண்டும். அப்படிக் குறித்த பகுதிக்குள் ஒரு பொத்தான் இருந்தால், அதற்கு விலக்களிக்கும்வரை அது சொடுக்கை ஏற்காது. முதன்முறை செய்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

ஆக, இதன் இயல்புகள் நான்கு எனலாம்: சட்டகம் இல்லை, ஒரே வேலை, திறந்து பார்க்கத் தேவையில்லாமல் கண்ணெதிரே நிற்பது, தனக்கு வேண்டியதையெல்லாம் தன்னுள்ளேயே பொதிந்து வைத்திருப்பது.

இந்த அளவுகோலில் முன்மொழிவுகளைப் பார்ப்போம். குறுஞ்செயலி எனக்கு உடன்பாடில்லை. செயலி என்பது ஏற்கெனவே கணினியின் பிராசசரையும் பயன்பாட்டு மென்பொருளையும் ஒருசேரக் குறித்துத் திண்டாடுகிறது. மேலும், எது குறுகியது? எலக்ட்ரானில் செய்த கடிகாரம் குரோமியம் உலாவி முழுவதையும் ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோடு.ஜெஎஸ்ஸையும் தன்னோடு சுமந்து வருவதால் நூறு மெகாபைட்டைத் தாண்டிவிடும். டவ்ரியோ, வலைப்பக்கத்தைக் காட்ட இயங்குதளத்திலேயே உள்ள வலைக்காட்சிக் கூறைப் பயன்படுத்திக்கொள்வதால் இந்தப் பருமன் அதில் வெகுவாகக் குறையும் என்பது வேறு செய்தி. எப்படியாயினும் சிறுமை தோற்றத்தில் மட்டுமே. சிறுநிரலுக்கும் இதையே சொல்வேன்.

திரைத்துணுக்கு காதுக்கு இனியதுதான், ஆனால் பொருளை இலேசாக்கிவிடுகிறது. துணுக்கு என்றால் பயனர் அதை ஓர் அலங்காரமாகவே எண்ணி, எங்கிருந்து வந்ததையும் நிறுவிவிடுவார். விஸ்டாவின் கேட்ஜெட்டுகள் அப்படிப்பட்டவை அல்ல; அவற்றிலுள்ள ஓட்டையின் வழியே பயனருக்குரிய உரிமைகளோடு வேற்று நிரலை இயக்க முடியும் என்பதால், 2012 ஜூலையில் மைக்ரோசாஃப்டே அவற்றை முடக்கிவிடுமாறு அறிவுறுத்தியது. மிதவையைப் பொறுத்தவரை, எல்லா விட்ஜெட்டும் பிற சாளரங்களுக்கு மேலே மிதப்பதில்லை. பல அடியில் பின்னணியோடு ஒட்டிக் கிடக்கின்றன. சிஎஸ்எஸ்ஸில் மிதத்தல் என்றே ஒரு பண்பு உண்டு என்பதால் வலை நிரலாளரை அது இருமடங்கு குழப்பும்.

நான் முன்வைப்பது சிமிழ். மையோ மருந்தோ மணியோ வைத்துக்கொள்ளும் சிறு கலம் அது. தன்னுள் பொதிந்து வைத்திருப்பது என்னும் இயல்பை நேராகக் காட்டுகிறது. கடிகாரச் சிமிழ், வானிலைச் சிமிழ், சிமிழ்க்கோப்பு, சிமிழை நகர்த்து, சிமிழ்களை மறை என்று வேற்றுமையிலும் தொகையிலும் தடையின்றிப் புழங்குகிறது. பட்டியில் எழுதினால் இடமும் அடைக்காது.

*

மறுமடல்

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

இரு பொருளைப் பிரித்தது சரி. மிதவை நான் முன்மொழிந்தது, அதைக் கைவிடுகிறேன். ஆனால் சிமிழ் குறித்து இரண்டு தடைகள் உள்ளன. சிமிழுக்கு மூடி உண்டு, உள்ளிருப்பது வெளியே தெரியாது. நீங்களே எழுதிய மூன்றாம் இயல்பு, திறக்காமலே கண்ணில் படுவது. இரண்டாவதாக, கலைச்சொல்லிலிருந்து வினை பிறக்க வேண்டும். விட்ஜெட்டாகப் பொதிவதைச் சிமிழ்த்தல் என்பீர்களா? பழந்தமிழில் சிமிழ்த்தல் என்பது பறவையை வலையில் பிணிப்பது. பயனரை வலையில் பிடிக்கும் மென்பொருள்களுக்கு அது பொருந்தலாம், நமக்கு வேண்டாம்.

சுவரில் விளக்கு வைக்கும் மாடத்தை எண்ணிப் பார்த்தீர்களா? அதற்குக் கதவில்லை, சட்டகமில்லை. கடந்து போகிறவர் கண்ணில் படுவதே அதன் பயன். திரைமாடம் என்று வைத்தால் என்ன?

*

மறுமொழி

அன்புடையீர்,

மாடம் அழகான சொல். ஆயினும் அது இடத்தின் பெயர், அங்கு வைக்கும் பொருளின் பெயரன்று. விளக்கை மாடத்தில் வைக்கிறோம். மாடத்தையே எடுத்து வேறு மூலையில் வைப்பதில்லை. விட்ஜெட்டை நிறுவுகிறோம், நீக்குகிறோம், இன்னொரு கணினிக்கு அனுப்புகிறோம். அதனால் மாடம் என்னும் பெயர் விட்ஜெட்டுக்குப் பொருந்தவில்லை என்றாலும், நமக்கு இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது என்பதை உங்கள் மடல்தான் நினைவூட்டியது: விட்ஜெட்டுகள் வந்து அமரும் இடத்துக்கு, அதாவது டாஷ்போர்டு, விஸ்டாவின் பக்கப்பட்டை போன்றவற்றுக்குப் பொதுப்பெயர் இல்லை. அதற்கு மாடம் என்றே வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். சிமிழ் மாடத்தில் அமர்கிறது என்றால் இரண்டும் தெளிவாகிவிடுகின்றன.

மூடியைப் பற்றிய தடை வலுவானது, முழுமையாக மறுக்க முடியாது. ஆனால் டாஷ்போர்டில் விட்ஜெட்டுக்கு முன்பக்கம், பின்பக்கம் என இரண்டு இருந்தன. மூலையிலிருந்த சிறு குறியைச் சொடுக்கினால் அது திரும்பி, அமைப்புகளைப் பின்பக்கத்தில் காட்டியது. எலக்ட்ரானில் செய்பவர்களும் அமைப்புகளை இப்படி ஒளித்து வைக்கலாம். காட்டுவதைக் காட்டி, மற்றதை உள்ளே வைத்திருக்கும் கலம் என்று கொண்டால் சிமிழ் அவ்வளவு தொலைவில் இல்லை.

வினை குறித்து நீங்கள் சொன்னது முற்றிலும் சரி. சிமிழ்த்தலை விட்டுவிடுவோம், சிமிழாக்கு, சிமிழாக்கம் என்பவை போதும், அவற்றுக்குப் பழைய பொருட்சுமையும் இல்லை. சோதனையாக ஒரு நிறுவல் கையேட்டின் சில வரிகளை எழுதிப் பார்த்தேன்:

“வானிலைச் சிமிழை நிறுவியபின், அதை மாடத்தின் வலப்பக்கம் இழுத்து வையுங்கள். சிமிழின் தலைப்பகுதியைப் பிடித்து மட்டுமே நகர்த்த முடியும். உங்கள் வலைப்பக்கத்தைச் சிமிழாக்க, அறிவிப்புக் கோப்பில் பெயர், அகலம், உயரம் ஆகியவற்றைக் குறிப்பிட்டால் போதும். அறியாதவர் தரும் சிமிழ்க்கோப்பைத் திறக்க வேண்டாம்.”

இரண்டாம் வாக்கியத்தில் ‘தலைப்பகுதி’ என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. சட்டகமே இல்லாத பொருளுக்குத் தலை எது என்று பயனர் கேட்பார். ‘பிடிபகுதி’ என்று எழுதலாமா எனப் பார்க்கிறேன். வேறு எங்கே இடறுகிறது என்பதை உரக்கப் படித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.