புதுப்பிப்பு: பாஸ்டன் ஃபென்வே பார்க் போய் வந்தோம்

நியூயார்க்கிலிருந்து மகனோடு வார இறுதியில் பாஸ்டனின் ஃபென்வே பார்க் மைதானத்தில் பேஸ்பால் பார்க்கப் போக, எந்த ஸ்டேஷனில் இறங்குவது, எந்த இருக்கை எடுப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

சவுத் ஸ்டேஷனிலிருந்து மெட்ரோ ரயிலின் ரெட் லைனில் பார்க் ஸ்ட்ரீட், அங்கிருந்து க்ரீன் லைனில் கென்மோர். இந்த வழிதான் சரியாக வந்தது. ஃபென்வே என்றே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது, ஆனால் மைதானத்துக்குக் கென்மோர்தான் பக்கம். க்ரீன் லைனின் பி, சி, டி கிளைகளில் எதில் வேண்டுமானாலும் ஏறலாம். இ மட்டும் வேண்டாம், அது காப்ளி ஸ்டேஷன் தாண்டியதும் பிரிந்துவிடும்.

1912-இல் திறந்த மைதானம் என்பதால் கிராண்ட்ஸ்டாண்டில் கூரையைத் தாங்கும் தூண்கள் பார்வையை மறைக்கும். இருக்கையிலிருந்து எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு வாங்கச் சொன்ன யோசனை எங்களைக் காப்பாற்றியது. மர இருக்கைகள் ரொம்பக் குறுகல், முழங்கால் இடிக்கும். 37 அடி உயர க்ரீன் மான்ஸ்டர் சுவர் நேர் எதிரே தெரிந்ததில் அதெல்லாம் மறந்துபோனது. பச்சை இருக்கைகளுக்கு நடுவே ஒற்றைச் சிவப்பு இருக்கையை மகனே கண்டுபிடித்தான். 1946-இல் பாஸ்டன் அணி வீரர் டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து 502 அடி போய் விழுந்த இடம் அது.

எதிர்பாராதது மழை. ஆட்டம் ஒரு மணி நேரம் நின்றது. கூரைக்கு அடியில் இருந்ததால் நனையவில்லை. முடிந்ததும் கென்மோரில் பெருங்கூட்டம்; பாய்ல்ஸ்டன் தெரு வழியே காப்ளி வரை நடந்து, அப்புறம் ரயில் ஏறினோம்.