மண்சுவரில் பூசிய சீமெந்து கழருது: மாரிக்கு முன் என்ன செய்யலாம்?

வயற்கரை:
முல்லைத்தீவு மாவட்டத்தில் வயலோடு சேர்ந்த பழைய வீடு. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக வர்த்தமானியில் அறிவிச்சது. மண்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, பனங் கைமரம், ஓடு. அடிச்சுவரில் 3 அடி உயரத்துக்குப் பிற்காலத்தில் பூசின சீமெந்து பாளம் பாளமாய்க் கழருது. உள்ளே மண் புட்டு மாதிரி உதிருது. தாழ்வாரத்தில் 4 கைமர நுனி உக்கிப்போச்சு. மேசன் திரும்பவும் சீமெந்து பூசச் சொல்றார். சரியோ?

ஏட்டுச்சுவடி:
வேலை தொடங்க முதல் தொல்பொருள் திணைக்களத்தின் எழுத்து அனுமதி எடுங்கோ. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி திருத்த வேலைக்கும் அது வேணும். அந்தச் சட்டம் பழமைக்கு எல்லையாய் வைக்கிற 1815க்குப் பிந்திய கட்டடம் எண்டாலும், வர்த்தமானியில் வந்தால் இதே விதிதான். எல்லாச் சுவரையும் அளவுகோல் தெரியப் படமெடுத்துக் குடுங்கோ.

நீற்றுச்சூளை:
சீமெந்து வேண்டவே வேண்டாம். மண்சுவர் நிலத்து ஈரத்தைக் குடிச்சு வெளியே விடும். சீமெந்து அந்த வழியை அடைக்க, ஈரம் உள்ளுக்கு நிண்டு மேலே ஏறும். சீமெந்து முடியிற விளிம்புக்கு மேலே வெள்ளையாய் உவர் பூத்திருக்கும், பாருங்கோ.

முதல் தண்ணியைத் திருப்புங்கோ. வெளிநிலம் வீட்டு நிலத்தை விட அரை அடியாவது தாழ, வெளிப்பக்கம் சரிஞ்சு இருக்க வேணும். பிறகு கிரைண்டரால் சீமெந்தின் தடிப்புக்கு மட்டும் அரையடிச் சதுரமாய்க் கீறி, தட்டை உளியால் நெம்புங்கோ. சுத்தியலால் அடிச்சால் மண்கல்லும் சேர்ந்து வந்திடும். மாசி கடைசியில் கழற்றினால் சுவர் காய நாள் கிடைக்கும்.

பள்ளத்தைப் புற்றுமண், மணல், நறுக்கின வைக்கோல் மூண்டையும் சில நாள் ஊறவிட்டு நிரப்புங்கோ. காய்ஞ்சு வெடிச்சால் மணல் காணாது. மேலே 1 பங்கு ஊறின சுண்ணாம்பு, 3 பங்கு அரிச்ச ஆத்துமணல். கடல்மணல் உவரைத் திரும்பக் கொண்டுவரும். ஒரு பூச்சு 10 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம். ஈரச் சாக்குத் தொங்கவிட்டு ஒரு கிழமை காத்து அடுத்ததைப் பூசுங்கோ. சுண்ணாம்பு நீற்றும்போது தண்ணிக்குள் சுண்ணாம்பைப் போடுங்கோ, சுண்ணாம்பில் தண்ணியை ஊற்றாதேங்கோ. கொதிச்சுத் தெறிக்கும், கண் போயிடும்.

கைமரம்:
முழுக் கைமரத்தையும் மாத்தாதேங்கோ. ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கோ. இறங்காத இடம் வரைக்கும் நல்ல மரம். உக்கினதை அதுவரை வெட்டி, வயிரம் முத்தின பனந்துண்டைப் பக்கத்தில் சேருங்கோ. தாழ்வாரம் 2 அடி நீண்டால், துண்டு சுவருக்கு உள்ளே 4 அடி போக வேணும். பனை ஆணிக்குப் பிளக்கும். துளைச்சுப் போல்ற் பூட்டுங்கோ. மேலே உடைஞ்ச ஓட்டை மாத்தாமல் இதைச் செய்தால் புது மரமும் உக்கும்.

வயற்கரை:
நன்றி. உள்சுவரில் இமல்சன் பெயின்ற் இருக்கு. அதையும் எடுக்கவேணுமோ?

நீற்றுச்சூளை:
ஓம், அதுவும் ஈரத்தை அடைக்கும். கத்தியால் சுரண்டி எடுத்து, பால் மாதிரி தண்ணியாய்க் கரைச்ச சுண்ணாம்பை 4 தரம் மெல்லிசாய் அடியுங்கோ.