பூஞ்சையால் நோயுற்றேன்: வாடகை வீட்டைப் பார்க்கும்போதே கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: மழைக்குருவி

2 ஆண்டுகள் குடியிருந்த வீட்டைப் போன மாதம் காலி செய்துவிட்டேன். முதல் மழைக்காலத்தில் வறட்டு இருமல்தான் இருந்தது. அடுத்த மழைக்காலத்தில் இரவு மூன்று மணிக்கு மூச்சு முட்டி எழுந்து, விடியும் வரை உட்கார்ந்தே இருப்பேன். வெளியூரில் நான்கு நாள் தங்கினால் இருமல் நின்றுவிடும். திரும்பி வந்த இரவே மறுபடி தொடங்கும். இதைச் சொன்ன பிறகுதான் மருத்துவர், "படுக்கும் அறையில் ஓதம் இருக்கிறதா?" என்று கேட்டார்.

அன்று மாலை கட்டிலை நகர்த்தினேன். தலைமாட்டுச் சுவரில், சரியாக என் தலையணை உயரத்தில், கையகலத்துக்குக் கரும்புள்ளிகள். பக்கத்து அலமாரியில் தொங்கிய தோல் பெல்ட் முழுவதும் சாம்பல் பச்சையாகப் பூத்திருந்தது. தொட்டதும் துகள் பறந்தது. ஊதிப் பார்க்கும் சோதனையில் ஆஸ்துமா என்றும், தோல் சோதனையில் பூஞ்சை ஒவ்வாமை என்றும் உறுதியானது. வீட்டு உரிமையாளர் இரண்டு முறை பெயின்ட் அடித்துக் கொடுத்தார். இரண்டு முறையும் புள்ளிகள் மேலே வந்துவிட்டன.

இப்போது தோழி வீட்டில் இருக்கிறேன். இதுவரை ஆறு வீடுகள் பார்த்தாயிற்று. எல்லாவற்றிலும் புதுப் பெயின்ட் வாசனை. அருகில் நின்று அவசரப்படுத்தும் தரகர். பத்து நிமிடத்தில் எதைப் பார்ப்பது? என் நோயை உரிமையாளரிடம் சொல்லலாமா? இன்னொரு முறை ஏமாற எனக்குத் தெம்பில்லை.

பதில்: மட்டப்பலகை

கட்டடப் பழுதுபார்ப்பில் 18 ஆண்டுகளாக இருக்கிறேன். ஆள் மாறும்போது வீடு முழுவதும் பெயின்ட் அடிப்பது சாதாரணம். ஒரு சுவருக்கு மட்டும், அல்லது கூரையில் ஒரு மூலைக்கு மட்டும் அடித்திருந்தால் அங்கேயே நின்று காரணம் கேளுங்கள். கசிவை நிறுத்தாமல் அடித்த பெயின்ட் சில மாதங்கள்தான் தாங்கும்.

அடுத்து, சுவரோடு கட்டிய அலமாரிகள். குளியலறைச் சுவருக்கு மறுபக்கம் இருப்பதைக் கட்டாயம் திறந்து, உள்ளே தலையை நீட்டி மோந்து பாருங்கள். பெயின்ட் வாசனையை மீறிப் புழுங்கிய வாடை அங்கேதான் தங்கும். கழுவுதொட்டியின் அடிப்பகுதியையும் விடாதீர்கள்.

தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குள் பெயின்ட் கொப்பளித்திருந்தால் நிலத்து ஓதம் ஏறுகிறது என்று கொள்ளலாம். வெண்பொடி தெரிந்தால் ஒரு சொட்டு நீர் விடுங்கள்; கரைந்தால் அது உப்பு. பூஞ்சை இல்லையென்று நிம்மதி வேண்டாம், உப்பு பூத்த சுவருக்குள் நீர் நடமாடுகிறது.

வீடு பிடித்துவிட்டால் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். சந்தேகப்படும் சுவரில் ஒரு முழம் அலுமினியத் தாளை நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டி, மறுநாள் பிரியுங்கள். சுவரைத் தொட்ட பக்கம் ஈரமென்றால் நீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் முத்துமுத்தாக நின்றால் அறைக் காற்றின் ஈரம் படிகிறது. அதைக் காற்றோட்டத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

பதில்: தாழ்வாரம்

மட்டப்பலகை சொன்னதில் ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள், மழைக்குருவி. ஆஸ்துமா உள்ளவர் பூசணம் பிடித்த அலமாரிக்குள் தலையை நீட்டக் கூடாது. என் மகனை அப்படி ஒரு வீட்டைப் பார்க்க அழைத்துப்போய், அன்றிரவே மருத்துவமனைக்கு ஓடினேன். தோழியை முதலில் உள்ளே அனுப்புங்கள். அவர் சரி என்ற பிறகு, முகக்கவசத்தோடு நீங்கள் போங்கள்.

நோயைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. "எனக்கு ஒவ்வாமை இருக்கிறது, நீர் கசிந்தால் எத்தனை நாளில் சரிசெய்வீர்கள்?" என்று கேட்டு, அந்தப் பதிலை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். நனைந்த இடம் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்தால் பெரும்பாலும் பூஞ்சை வராது. ஆகவே "பார்க்கலாம்" என்று மழுப்புகிறவர் வீடு நமக்கு வேண்டாம்.

பழைய மெத்தையையும் தலையணையையும் புது வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். மனம் வலிக்கும், தெரியும். ஆனால் செத்த பூஞ்சையும் ஒவ்வாமையைக் கிளப்பும்.

பதில்: கிணற்றடி

மேல்தளத்துக்காரரையும் முன்பு குடியிருந்தவரையும் விசாரியுங்கள். மழை பெய்த மறுநாள் போங்கள். சிறிய ஈரப்பதமானி ஒன்று கையில் இருக்கட்டும்; குடியேறிய பிறகு எண் 60 விழுக்காட்டுக்குக் கீழேயே நிற்க வேண்டும், 30-க்கும் 50-க்கும் நடுவில் நின்றால் நல்லது.

மழைக்குருவி

மூவருக்கும் நன்றி. தாழ்வாரம், உங்கள் மகன் இப்போது நலமாக இருப்பான் என்று நம்புகிறேன்.

நேற்று ஏழாவது வீடு. நான் வாசலிலேயே நின்றேன். தோழி கழுவுதொட்டியின் கீழ்க் கதவைத் திறந்தாள், உடனே மூடினாள், "வா, போகலாம்" என்றாள். தரகர் முகம் சுளித்தார், பரவாயில்லை.

எட்டாவது வீட்டின் உரிமையாளர் வயதான அம்மா. அலுமினியத் தாளைப் பற்றிச் சொன்னதும் அவரே நாற்காலியைப் பிடித்துக்கொள்ள, தோழி ஏறி நின்று படுக்கையறைச் சுவரில் ஒட்டினாள். கூரையில் எந்த ஆண்டு எந்த இடத்தில் ஒழுகியது என்றும் அந்த அம்மா மறைக்காமல் காட்டினார். நாளை மாலை தாளைப் பிரிக்கப் போகிறோம். பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.