சமையல்கட்டில் சாப்பிட மாட்டோம்

குழு: ஒத்தும் தவிலும்
ஞாயிறு, காலை 7.12

சித்தப்பா: பாப்பா, ஐவி ஹில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் குத்துச்சண்டை வீரர் ஜோ ஃபிரேசியர் சமாதியைப் போட்டோ எடுத்து அனுப்பு என்று சொல்லி மூன்று வாரம் ஆகிறது. பிலடெல்பியாவில் இருந்துகொண்டு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

அக்கா: இன்று போய் வந்துவிட்டேன் சித்தப்பா. முதலில் இதைப் பாருங்கள்.
(புகைப்படம்)

சித்தப்பா: வில்லி ஆண்டர்சனா? எந்த எடைப் பிரிவு?

அக்கா: குத்துச்சண்டை இல்லை, கோல்ஃப். அமெரிக்க ஓபனை 1901, 1903, 1904, 1905 என நான்கு முறை வென்றவர். தொடர்ந்து மூன்று ஆண்டு வென்றவர் இன்றுவரை இவர் ஒருவர்தான். 1910-இல் இறந்தபோது வயது 31.

கதிர்: டைகர் உட்ஸ்கூட அப்படி வெல்லவில்லையா?

அக்கா: இல்லைடா. அவர் மொத்தமே மூன்று, அதுவும் விட்டு விட்டு. நான்கு வென்றவர்கள் பாபி ஜோன்ஸ், பென் ஹோகன், ஜாக் நிக்லஸ், இவர். முதல் மூன்று பெயரும் உனக்குத் தெரியும், இவரைத் தெரியாது. எனக்கும் நேற்றுவரை தெரியாது.

அம்மா: அமெரிக்காக்காரரா?

அக்கா: ஸ்காட்லாந்து அம்மா. நார்த் பெரிக் என்ற கடலோர ஊர். அப்பாவுக்குக் கோல்ஃப் திடலின் புல்தரையைப் பராமரிக்கிற வேலை. பையன் பதினொரு வயதிலேயே கேடி, அதாவது ஆடுகிறவர்களின் மட்டைகளைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பவன். பிறகு மட்டை செய்யக் கற்றுக்கொண்டு, 1896-இல், பதினாறு வயதில் அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டார்.

பெரியப்பா: அந்த வயதில் எதை நம்பி?

அக்கா: அங்கே பணக்காரர்களுக்கு அப்போதுதான் கோல்ஃப் பைத்தியம் பிடித்திருந்தது பெரியப்பா. கிளப் கட்டிவிட்டார்கள், ஆடத் தெரியாது. கற்றுக்கொடுக்க, மட்டை செய்ய, பழுது பார்க்க எல்லாவற்றுக்கும் ஸ்காட்லாந்துப் பையன்கள் வேண்டியிருந்தார்கள். 1910 வரை அமெரிக்க ஓபன் வென்ற ஒருவர்கூட அமெரிக்காவில் பிறந்தவர் இல்லை!

கதிர்: வந்ததும் வென்றுவிட்டாரா?

அக்கா: மறு ஆண்டே வெற்றி வந்திருக்க வேண்டியது. ஒரே ஓர் அடியில் போய்விட்டது. கதை அதுவல்ல. 1901-இல், மாசசூசெட்ஸில், மயோபியா ஹன்ட் கிளப்பில் போட்டி.

சித்தப்பா: மயோபியா என்றால் கிட்டப்பார்வை அல்லவா?

அக்கா: ஆமாம், நிறுவிய சகோதரர்களுக்குக் கண் சரியாகத் தெரியாதாம், அதனால் அந்தப் பெயர். சாப்பாட்டு நேரம் வந்ததும், தொழிலாக ஆடுகிறவர்கள் கட்டடத்துக்குள் வரக்கூடாது, சமையல்கட்டில் சாப்பிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆண்டர்சன் அதிகம் பேசாதவர். கையிலிருந்த மட்டையைச் சும்மா ஆட்டிக்கொண்டிருந்தாராம். மட்டையை ஆட்டுவது வேகமெடுத்துக்கொண்டே போய், "இல்லை, சமையல்கட்டில் நாங்கள் சாப்பிட மாட்டோம்" என்று ஓங்கி ஒரே போடு. அழகாக வளர்த்த புல்தரையிலிருந்து ஒரு பத்தை மண்ணோடு பெயர்ந்து வந்ததாம். பிறகு கூடாரம் போட்டுப் பரிமாறினார்கள்.

சித்தப்பா: அப்போதும் உள்ளே விடவில்லை.

அக்கா: விடவில்லை.

7.31

பெரியப்பா: எனக்குப் பதின்மூன்று வயது. அப்பாவோடு ஒத்து ஊதப் போயிருந்தேன். பெரிய இடத்துக் கல்யாணம், ஊர் வேண்டாம். முகூர்த்தம் முடிந்து பசி காதை அடைக்கிறது. பந்தியில் உட்காரப் போனவனைக் கையைப் பிடித்து நிறுத்தி, மேளக்காரர்களுக்குப் பின்கட்டில் இலை போட்டிருக்கிறது என்றார்கள். போய்ப் பார்த்தால் பாத்திரம் துலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஈரத்தரையில் இலை. அப்பா சத்தம் போடவில்லை. சீவாளியைக் கழற்றித் துணியில் சுற்றினார். நாதஸ்வரத்தை உறைக்குள் வைத்தார். மாலையில் நலங்குக்கு வாசிக்க வேண்டியது பாக்கி. "வாடா" என்றார், அவ்வளவுதான். பஸ் நிலையத்தில் எனக்கு இரண்டு பன். அவர் டீ மட்டும் குடித்தார்.

சித்தப்பா: இதை நீங்கள் சொன்னதே இல்லையே அண்ணா.

பெரியப்பா: பேசிய பணத்தில் பாதிதான் வந்தது. அம்மாவிடம் வேறு கணக்குச் சொல்லி வைத்திருந்தோம்.

7.44

அம்மா: அந்தப் பையன் அன்று ஜெயித்தானா, இல்லையா?

அக்கா: ஜெயித்தார் அம்மா. நான்கு சுற்றில் 331 அடி. அலெக்ஸ் ஸ்மித்தும் அதே 331. மறுபடி ஒரு சுற்று ஆடவைத்தார்கள். இவர் 85, ஸ்மித் 86.

அம்மா: அப்படியானால் ஸ்மித்தான் கூட அடித்திருக்கிறார்?

கதிர்: கோல்ஃபில் குறைவாக அடிப்பவர்தான் வெல்வார் அம்மா!

அக்கா: 331 இன்றுவரை வென்றவர்களிலேயே அதிகம். அப்போது பந்து ஒருவகை மரப்பாலை இறுக்கிச் செய்தது, அடித்தால் அவ்வளவாகப் பறக்காது. பிறகு ரப்பர் நூல் சுற்றிய பந்து வந்தது. 1904-இல் அதே ஆண்டர்சன் 303. மறு ஆண்டு மயோபியாவுக்கே திரும்பிப் போய் அங்கேயே மறுபடி வென்றார்.

பெரியப்பா: சபாஷ். அந்த முறை எங்கே சாப்பிட்டாராம்?

அக்கா: அதை யாரும் எழுதிவைக்கவில்லை பெரியப்பா.

அம்மா: இவ்வளவு வென்றவர் பணக்காரராகியிருப்பாரே.

அக்கா: 1901-இன் பரிசே 200 டாலர்தான். பதினான்கு ஆண்டில் ஏறக்குறைய பத்து கிளப் மாறினார். இறப்பதற்குச் சில நாள் முன்புகூட பிட்ஸ்பர்க்கில் நாளுக்கு 36 குழி, அதாவது இரண்டு முழுச் சுற்று வீதம் பணத்துக்காகக் காட்சி ஆட்டங்கள் ஆடிவிட்டு வந்தவர். ரத்தக்குழாய் இறுகி இறந்தார் என்று வெகுகாலம் எழுதினார்கள், குடி என்றும் பேச்சு. இறப்புச் சான்றில் இருந்தது வலிப்பு நோய்.

அம்மா: 31 வயது. பாவம்.

சித்தப்பா: எல்லாம் சரி பாப்பா. ஃபிரேசியர் எங்கே?

அக்கா: இந்தக் கல்லைத் தேடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது சித்தப்பா.

சித்தப்பா: ஒரு போட்டோவுக்கு நான்காவது வாரமா!

பெரியப்பா: விடுடா. பாப்பா, அடுத்த வாரம் போகும்போது அந்தப் பையன் கல்லை இன்னும் கிட்டத்தில் எடுத்து எனக்குத் தனியாக அனுப்பு.