ஒப்பாரி கேட்டா மனசு லேசாவுது, உங்களுக்கும் இப்படி இருக்கா?

பாலாத்தங்கரை:
எனக்கு குடியாத்தம் பக்கம், இப்ப வேலை பெங்களூர்ல. எங்க ஆயா போயி ரெண்டு வருஷம் ஆவுது. அன்னைக்கி பெரியாயா வெச்ச ஒப்பாரிய சித்தப்பா பையன் போன்ல ரெகார்ட் பண்ணிட்டான், நாலு நிமிஷம் தான், நடுவுல யாரோ சேர் இழுக்குற சத்தம் கூட கேக்கும். மனசு சரியில்லன்னா ராத்திரி ஹெட்செட் போட்டுகினு அத தான் கேப்பேன், அழுவேன், முடியறப்ப நெஞ்சு பாரம் எறங்கி நல்லா தூக்கம் வரும். அம்மா "வெளக்கு வெக்கிற வீட்ல ஒப்பாரியா, ஆவாது"ன்னு திட்றாங்க. அழுவுற பாட்டு எப்படிங்க இவ்ளோ அழகா இருக்கு?

அணைக்கட்டு அக்கா:
தாலாட்டையும் ஒப்பாரியையும் அடுத்தடுத்து கேட்டுப் பாரு கண்ணு, கடைசில இழுக்குற இழுப்பு ரெண்டும் ஒன்னு மாதிரியே இருக்கும். அதான் தூக்கம் வருது உனக்கு. எங்க மாமியார் தவறுனப்ப பொம்பளைங்க தோள்ல கை போட்டு வட்டமா குந்திகினு அழுதாங்க, மொத நாலு அடி தான் செத்தவங்களுக்கு, அப்புறம் அவங்கவங்க கொறை வந்துடும், பொறந்த வீட்ல அண்ணி மதிக்காதது, கட்னவன் சரியில்லாதது எல்லாம். மத்த நாள்ல வாய மூடுன்னு சொல்ற ஆம்பளைங்க அன்னைக்கி ஒரு வார்த்த பேச மாட்டாங்க.

கூத்துப்பித்தன்:
நான் செய்யாறு. 1989ல மாவட்டம் பிரியற வரைக்கும் நாம எல்லாம் ஒரே வட ஆற்காடு தான், கூத்துக்கு பேர் போன புரிசையும் இங்க தான் இருக்கு. எங்க பக்கம் காரியத்து ராத்திரி கூத்து விடுவாங்க, அதிகமா கர்ண மோட்சம். போருக்கு போற கர்ணன் பொண்டாட்டி பொன்னுருவிகிட்ட விடை கேக்க வருவான், இத்தினி நாள் கொலத்த சொல்லி ஒதுக்குனவ அப்ப தான் போவாதன்னு அழுவா, அந்த எடத்துல முகவீணை ஏறும் பாருங்க, நாதஸ்வரத்துக்கு தம்பி மாதிரி சின்னது தான், ஆனா ஆளு அழுவுற கொரல் அப்படியே வரும். எங்க அப்பா காரியத்துல விடிகாலை நாலு மணிக்கு அந்த எடம் வந்துச்சி, பதினாறு நாளா கண்ணுல தண்ணி வராத எங்க அண்ணன் துண்ட வாயில வெச்சி அடைச்சிகினு அழுதாரு.

ஆற்காட்டான்:
திரௌபதி அம்மன் கோயில் பாரதத்துல படுகளம், அதான் துரியோதனன் சாவுற கட்டம், அத பாருங்க தம்பி. மண்ணால பெருசா துரியோதனன படுத்தாப்புல செஞ்சி வெச்சிருப்பாங்க, அவனுக்கும் ஒப்பாரி உண்டு. பதினெட்டு நாளா அவன திட்டிகினு இருந்த கெழவிங்க கூட மூக்க சிந்துவாங்க.

பாலாத்தங்கரை:
எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்னத படிச்சிட்டு பெரியாயாவுக்கு போன் போட்டு, பொங்கலுக்கு வரேன், முழுசா ஒருவாட்டி பாடு ஆயா ரெகார்ட் பண்ணிக்கிறேன்னு கேட்டேன். "சும்மாவா வரும், யாரையாவது நெனச்சா தான்டி வரும்"னாங்க. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் போன்லயே மெதுவா தங்கச்சி பேர சொல்லி ஆரம்பிச்சிட்டாங்க.