ஓடும்போது போன் அடிகளைப் பாதியாக எண்ணுகிறது, மூச்சு பதிவாகவே இல்லை. உதவுங்கள்

விடியல்ஓட்டம்: வணக்கம். போனைப் புஜத்தில் பவுச்சில் கட்டிக்கொண்டு ஓடுகிறேன். அடியையும் மூச்சையும் எண்ணும் செயலி நிமிடத்துக்கு 84 அடி என்கிறது. நேற்று வலது கால் தரையில் படுவதை மட்டும் நானே எண்ணினேன். 30 விநாடியில் 42. அப்படியானால் இரண்டு காலுக்கும் 168 வர வேண்டாமா? மூச்சு அதைவிட மோசம். ப்ளூடூத் இயர்போனில் பேசினால் குரல் தெளிவாகக் கேட்கிறது. ஓடிய பதிவில் மூச்சைக் காணோம். பாதி தூரத்தில் விலா பிடித்துக்கொள்கிறது, அது ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவும்.

கால்தடம்: சென்சாரில் கோளாறில்லை. கை ஒரு தரம் முன்னும் பின்னும் போய் வருவதற்குள் இரண்டு காலும் தரையைத் தொட்டுவிடும். புஜத்தில் இருக்கும் போன் கை வீச்சைத்தான் எண்ணுகிறது. இடுப்பு பெல்ட்டில், முதுகுப் பக்கம் நடுவில், ஆடாமல் இறுக்கி வையுங்கள். தொளதொள பாக்கெட் வேண்டாம், போன் துள்ளுவதும் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஒலிப்பிரியன்: மூச்சுக்கு நான் சொல்கிறேன். ப்ளூடூத் மைக் பெரும்பாலும் போன் பேசுவதற்கான முறையில்தான் ஓடும். அதில் இரைச்சல் நீக்கம் இருக்கும். மூச்சுச் சத்தம் காற்றிரைச்சல் மாதிரியேதான் இருக்கிறது. குரலை வைத்துக்கொண்டு மற்றதைத் துடைக்கும்போது, நீங்கள் தேடுவதுதான் முதலில் போகிறது. ஒயர் இயர்போன் போடுங்கள். மைக்கை வாய்க்கு நேரே வைத்தால் ஊதல் அடிக்கும். வாயோரமாக, கன்னத்தில் ஒட்டி, மேலே சின்ன ஸ்பாஞ்ச் உறை. செயலியில் இரைச்சல் நீக்கம் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

விடியல்ஓட்டம்: அடி 166 வந்துவிட்டது! மூச்சும் கேட்கிறது. ஆனால் திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் பதிவு நின்றுபோகிறது.

கால்தடம்: ஆண்ட்ராய்டுதானே? 9ஆம் பதிப்பிலிருந்து பின்னணியில் கிடக்கும் செயலிக்கு மைக் கிடைக்காது, அசைவு சென்சாரும் அப்படித்தான். ஓடும் நேரம் முழுக்க மேலே "பதிவாகிறது" என்ற அறிவிப்பு நிற்க வேண்டும், அதை மூடிவிடாதீர்கள். அப்புறம் பேட்டரி சேமிப்பிலிருந்தும் அந்தச் செயலிக்கு விலக்குக் கொடுங்கள்.

ஒலிப்பிரியன்: ஒன்று கவனியுங்கள். ஷூ தரையில் அறையும் சத்தத்தைச் செயலி மூச்சென்று எடுத்துக்கொள்ளலாம். ஓடுபவரின் மூச்சு காலோடு இசைந்து போவது உண்டு; 1983இல் பிராம்பிள், கேரியர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் சயன்ஸ் இதழில் இதை எழுதினார்கள். மனிதர்களிடம் நான்கு அடிக்கு ஒரு மூச்சு என்பதுதான் அதிகம் தென்படுகிறது. 168 அடிக்கு அது 42 மூச்சு. செயலி 84 மூச்சு என்றால் நம்புவதற்கு முன் பதிவை ஒரு நிமிடம் காதால் கேட்டு எண்ணுங்கள்.

விடியல்ஓட்டம்: இன்று 25 நிமிடமும் முழுதாக வந்தது. கேட்டும் எண்ணிவிட்டேன். மேடு வரும்வரை நான்கு அடிக்கு ஒரு மூச்சு. மேட்டில் மூன்று அடிக்கு ஒன்றாகி, அப்புறம் ஒழுங்கே இல்லை. விலா பிடித்ததும் அங்கேதான். நாளை அந்த மேட்டில் வேகத்தைக் குறைத்து ஓடிவிட்டு வந்து சொல்கிறேன். இருவருக்கும் மிக்க நன்றி.